காயாத குடைப்பிடிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அதாவது உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அம்மா, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அந்த ஊரில் அப்படி இருக்க முடியுமானால். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் நான் சரி சரி என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் இந்தத் தபால்.

நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்தது. உன் சமையலறையில் நீயே வார்னிஷ் பூசிய பத்துக் குடைப்பிடிகள், கூடவே ‘அப்பா, பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க’ என்று ஒரு சீட்டு. பார்த்தேன். பூசி ஒன்பது நாள் காயவைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்பது நாளும் அந்த வார்னிஷ் நன்றாக ஓய்வெடுத்திருக்கிறது, காயலாமே என்ற எண்ணம் மட்டும் அதற்கு வரவில்லை. சுற்றியிருந்த செய்தித்தாள் பத்திலும் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது. ஒரு பிடியில் மணமகள் தேவை, ஒன்றில் பழைய சைக்கிள் விற்பனைக்கு, இன்னொன்றில் வானிலை அறிக்கை, நாளையும் மழையாம். உன் கேள்விக்கு அதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது, ஆனாலும் அப்பா என்று ஒருவன் இருந்தால் அவனும் நாலு வரி சொல்ல வேண்டாமா.

உன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், வருகிற ஒன்றாம் தேதி நூல் மில் வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிட்டு அங்கேயே குடைப் பட்டறை ஆரம்பிக்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். வருஷத்தில் இருநூறு நாள் மழை பெய்கிற ஊரில் ஒரு குடைப் பட்டறைகூட இல்லை, மழைக்கு விலாசமே தெரியாத நம் ஊரில் தெருவுக்கு நாலு இருக்கிறது, என்ன நாடு இது என்று மாப்பிள்ளை சிரித்தாராமே. அவர் படித்தவர், சிரிக்கட்டும். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குடை பிடித்து நடந்த இத்தனை பேருக்கும் தோன்றாதது அவர் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது என்றால் நம் குடும்பத்துக்குப் பெருமைதான். நான் எட்டாவதில் பூகோளத்தில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவன், அதிலும் மூன்று மார்க் பக்கத்து பெஞ்சுக்காரனுடையது. புத்தகத்தில் தேசப்படம் போட்டு இங்கே நூல்கண்டு, அங்கே இரும்பு, அதற்கு மேலே சர்க்கரை மூட்டை என்று பொம்மை பொம்மையாக வரைந்திருக்கும், யாரோ மேலே உட்கார்ந்து பந்தி பரிமாறிய மாதிரி. நம் ஊர் இலையில் யாரும் குடையைப் பரிமாறவில்லை அம்மா. ஏதோ ஒரு வருஷம் தப்பித் தவறி இங்கே மழை பெய்திருக்கிறது, அதை நம்பி ஒரு ஜவுளிக்கடைக்காரர் வண்டி வண்டியாகக் குடை வரவழைத்திருக்கிறார், அப்புறம் நாலு வருஷம் ஒரு சொட்டு கிடையாது. துணியையாவது பிரித்து விற்கலாம் என்று ஆள் வைத்துப் பிரித்திருக்கிறார். பிரித்தவர்களுக்கு மறுபடி சேர்க்கத் தெரிந்துவிட்டது. இதுதான் நம் ஊரின் தொழில் வரலாறு, ஒருவருடைய முட்டாள்தனத்தில் ஊரே பிழைக்கிறது.

ஆனால் அந்த முட்டாள்தனம் இங்கேயே தங்கிப்போனதற்குக் காரணம் இருக்கிறது, அது வாசலில் சும்மா அடிக்கிற இந்த வறட்டுக் காற்று. காலையில் பூசிய பிடி மதியச் சாப்பாட்டுக்குள் கணீர் என்று காய்ந்துவிடும், கம்பி துருப்பிடிக்காது, துணி பூசணம் பிடிக்காது. அதைப் பார்த்துக் கம்பி வளைக்கிறவர் வந்தார், அவர் வந்ததால் ஸ்பிரிங் செய்கிறவர் வந்தார், இப்போது ஒரு ஸ்பிரிங் போதவில்லை என்றால் வாசலில் நின்று கத்தினால் போதும், எதிர் வீட்டிலிருந்து பறந்து வரும், சில சமயம் என் தலைமேலேயே. அங்கே நீ கத்தினால் யார் வருவார், பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சோ என்று வருவார்.

ஊர் மாறிப் பிறந்த தொழில் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியாதா. உனக்குச் சொன்னதில்லை, சொன்னால் மரியாதை போய்விடும் என்று மறைத்துவைத்தேன், இனி போக ஒன்றும் மிச்சம் இல்லை. நீ பிறப்பதற்கு முன் நம் ஊர்ச் சேர்மன் நீ இருக்கிற ஊருக்குச் சுற்றுப்பயணம் போய் அங்கே நூல் மில்லைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டினார். நானும் உன் மாமாவும் முதல் நாளே வேலைக்குச் சேர்ந்தோம். காற்றில் ஈரம் இல்லை, நூல் தும்மினால் அறுந்தது, தும்மாவிட்டாலும் அறுந்தது. உன் மாமாவுக்கு அறுந்ததை முடிகிற வேலை, எனக்கு ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் காற்றில் தண்ணீர் தெளிக்கிற வேலை. ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை, நான் காற்றுக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் பெண்கள் குடத்தோடு நின்று, ‘ஏண்ணே, காத்துக்குத் தாகம் தீந்துச்சா, மிச்சம் இருந்தா எங்களுக்கும் ஊத்துங்களேன்’ என்பார்கள். பதினோரு மாதத்தில் மில் மூடியது. அடுத்த வாரமே அதே கூடத்தில் குடைப்பிடிகளைத் தொங்கவிட்டார்கள், நானும் அதே ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு வார்னிஷ் பூசப் போனேன், முப்பத்தாறு வருஷமாக அதே ஆணிதான். அந்தச் சேர்மனுக்கு நீ பேத்தியாகப் பிறந்திருக்க வேண்டும், தவறி என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

போன தடவை பேசும்போது, எங்கள் ஷிப்டில் நூலே அறாது அப்பா, மேனேஜரே பாராட்டினார் என்று பெருமைப்பட்டாயே, அதில் பாதி உன் கை, பாதி அந்த ஊர் ஈரம். இரண்டும் சேர்ந்த இடத்தில் நிற்கிறாய். நூறு பேரை மேய்க்கத் தெரிந்த பெண் அதை விட்டுவிட்டு மழைக்கு எதிரில் வார்னிஷ் டப்பாவோடு ஏன் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவேயில்லை. உன் அம்மாவுக்குத்தான் புரிந்தது. உன் கடிதத்தின் கடைசியில் ‘அப்பாவுக்கு இங்க கைக்கு ஒரு வேலை இருந்தா வந்துருவார் இல்லையாம்மா’ என்று ஒரு வரி இருந்ததாம், எனக்குப் படித்துக் காட்டும்போது அதை மட்டும் விழுங்கிவிட்டாள். பார்சல் வந்த அன்று, ‘அவ குடையா செய்யறா, உங்களைப் பிடிக்க வலை செய்யறா, இதுகூடத் தெரியல, பெரிய பூகோள மேதை’ என்று கேட்டாள். நான் போய்ச் செய்தித்தாள் ஒட்டியிருந்த ஒரு பிடியைச் சுரண்டினேன்.

உண்மைதான், ஆறு வருஷமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அங்கே வந்து நான் என்ன செய்வது என்று கேட்டவன் நான். வேலை இல்லாத இடத்தில் உட்கார்ந்தால் இரண்டாம் நாள் மாப்பிள்ளைக்கு யோசனை சொல்வேன், மூன்றாம் நாள் அவர் ஈரச் செருப்பைக் காயவைக்கப் போவேன், அதற்கும் அங்கே வெயில் கிடையாது. அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை. அதற்காக ஒரு பெண் தன் வேலையை விட்டு, நாட்டின் தொழில்களையே இடம் மாற்றி வைக்கப் புறப்பட்டால் அப்பன் எவ்வளவு பெரிய மனிதனாக இருக்க வேண்டும் பார். ஆகவே ராஜினாமா எழுதியிருந்தால் கிழித்துவிடு. ஏழாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம், உன் மாமாதான் வரிசையில் நின்றார். இரண்டு மாதம் இருப்போம், ஒரு வேலையும் செய்ய மாட்டேன், மழையைப் பார்ப்பேன், நூல் அறாத மில்லை ஒருநாள் வாசலிலிருந்தாவது காட்டு, என் கண்ணால் பார்க்காமல் நான் நம்ப மாட்டேன்.

உன் பத்துப் பிடிகளும் இங்கே வந்த மறுநாளே காய்ந்துவிட்டன, செய்தித்தாளோடு சேர்த்து. தேய்த்து மறுபடி பூசலாம் என்று ஒன்பதைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். வானிலை அறிக்கைப் பிடியை மட்டும் உன் அம்மா தரவில்லை. அதில் வார்னிஷ் இளகியிருந்தபோது உன் கட்டைவிரல் பதிந்து ரேகையோடு அப்படியே இறுகியிருக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள்.

எந்த இழையும் உன் கையில் அறாமல், வீட்டில் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க இரண்டு பேரின் ஆசிகள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பூகோள மார்க்கைச் சொல்லாதே. மறக்காமல் ஒன்று, ஸ்டேஷனுக்கு வரும்போது எங்களுக்கு இரண்டு குடை எடுத்து வா. வீடு முழுக்கத் தேடிவிட்டேன், நம்மிடம் ஒன்றுகூட இல்லை.

உன் வருகைக்காக அல்ல, தன் வருகைக்காகக் காத்திருக்கும்
அப்பா