பொது வண்டியில் ஒரு வேல்

என் பிரியமான ரத்தினம்,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம் வடிந்து நடை சீராகிவிடுகிறது. முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய கை. இந்தத் தடவை திருத்தாமல் விடுகிறேன்.

ஜோகுபாளையத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சவ வண்டியைச் செய்தவன் நீ. பகலில் சாவு விழுந்தால் ஆண்கள் எல்லாரும் ஃபாக்டரி ஷிப்டில் இருப்பார்கள். தோள் கொடுக்க நாலு பேர் சேரமாட்டார்கள். நீ ஃபிட்டர். உடைந்துபோன ஜட்கா ஒன்றின் அச்சையும் சக்கரங்களையும் வாங்கி, இரண்டு பேர் தள்ளினால் போகிற மாதிரி ஒரு வண்டி கட்டினாய். அதைக் காப்பாற்றத்தான் நம் சங்கமே வந்தது.

வண்டியில் எந்தச் சின்னமும் வேண்டாம் என்றாய். சிலுவை வைக்கிறவர்கள் வைக்கட்டும், கற்பூரம் கொளுத்துகிறவர்கள் கொளுத்தட்டும், உடலை இறக்கியதும் அவரவர் சாமியை அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாய். புத்தரை வணங்கிய நீ, அவரைக்கூட அதில் ஏற்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சங்கத் தலைவராக வந்த மரக்கடைப் பரமசிவம், வண்டியின் உச்சியில் பித்தளை வேல் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்றார். அழகுக்குத்தான் என்றார். அன்று நீ ஷிப்டில் இருந்தாய். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செயலாளரான நான் வாய் திறக்காமல் தீர்மானப் புத்தகத்தில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். பேனா தானாக ஓடியது.

மறுநாள் நீ அதைப் படித்தாய்.

“இன்னாண்ணே, ஏகமனதாவா? நான் எப்போ கையத் தூக்கினேன்?”

நான் புத்தகத்தை மூடப் பார்த்தேன்.

“கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்குது. திட்டக்கூட மனசு வரல” என்று சிரித்தாய். ஏன் சிரித்தாய் ரத்தினம்? அன்றைக்கே என் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்திருந்தால் என்ன?

நீ இறந்த செவ்வாய்க்கிழமை காலையில் மழை. சாவியை எடுத்துக்கொண்டு வண்டி நிற்கிற ஷெட்டுக்குப் போனேன். பரமசிவம் முன்னாலேயே வந்து கதவுக்குக் குறுக்கே நின்றிருந்தார்.

“சார், அவரு சாமியே வேணாம்னு போனவரு. வேல் வெச்ச வண்டில ஏத்தினா அவரு கொள்கைக்கே அவமானம் இல்லியா? நாமதான் மரியாதை குடுக்கணும்.”

மரியாதையாம்! உன் தெருக்காரர்கள் தொட்ட தண்ணீரை இன்றுவரை குடிக்காத மனிதர், உன் கொள்கைக்கு மரியாதை கொடுக்கிறாராம்.

பேண்டு வாசிக்கிற சூசை என்கூட வந்திருந்தான். அவன்தான் கேட்டான்.

“அப்போ வேலக் கழட்டுய்யா. நாலு போல்ட்டு. செத்தவரே ஸ்பேனர் எடுத்துனு வரணுமா?”

“ஏய், சும்னிரு! இது உங்க சர்ச் விவகாரம் இல்ல.”

“அவரு செஞ்ச வண்டிதானேய்யா இது?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. “கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே” என்றேன். நீ வீட்டில் கிடக்கிறாய். நான் யோசிக்கச் சொல்கிறேன்.

உன்னைத் தோளில்தான் கொண்டுபோனார்கள். உன் மருமகன், சூசை, ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்த இரண்டு பேர். தோள் மாற்ற ஆள் இல்லை. சேற்றில் இரண்டு முறை வழுக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். குடை பிடித்திருந்தேன், எனக்கு.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவன். அதனால்தான் இந்தக் கோபம் அடங்கவில்லை. என் முருகனைக் கொண்டுவந்து ஒரு ஷெட்டுக்குப் பூட்டாகப் போட்டுவிட்டார்கள். பூட்டியவர் பரமசிவம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் பூட்டுகிறவன் ஒருவன் போதுமா? பார்த்துக்கொண்டு நிற்கிற பக்தர்கள் எத்தனை பேர் தேவைப்படுகிறோம்! சாமியின் பெயரைச் சொன்னதும் நியாயம் கேட்கிற நாக்கு நமக்கெல்லாம் ஏன் ஒட்டிக்கொள்கிறது? பக்தியா அது, பயமா? இந்த வயதில்கூட எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் சூசையின் அத்தை இறந்தாள். அவர்கள் வண்டி கேட்கவே இல்லை. காய்கறித் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். ஏனப்பா கேட்கவில்லை என்றேன். “கேட்டு, இல்லன்னு சொல்லிக்கணுமா சார்?” என்றான். நீ கட்டிய வண்டி ஷெட்டில் பளபளவென்று நிற்கிறது. சாவு விழுந்த வீடுகள் தனித்தனியாக ஆள் தேடுகின்றன. இதற்குப் பெயர் தர்ம காரியம்.

நேற்றுத்தான் உன் வீட்டுப் படியேறினேன். அதுவரை துணிச்சல் வரவில்லை. உன் மனைவி கமலம்மா காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“சாவி உங்க கையிலதானேண்ணா இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

அவள் காலி டம்ளரை எடுத்து வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். இந்தக் கடிதத்தை அங்கே வாசிக்கப் போவதாக அவளிடம் சொன்னேன். அந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறவில்லை, நான் எழுதியது பொய் என்று சொல்லப் போகிறேன். வேலைக் கழற்றிக் கோயிலில் வைக்கச் சொல்லப் போகிறேன். அங்கே வந்து நானே முதலில் கும்பிடுவேன். தோற்றால், யார் யார் எப்படிக் கை தூக்கினார்கள் என்று பெயர் பெயராக எழுதிவைப்பேன்.

கமலம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நானும் வரேன். முன்னாடியே உக்காருவேன். உங்களுக்குக் குரல் வரலன்னா எங்கிட்ட குடுங்கண்ணா, நான் படிக்கிறேன். எட்டாவது வரைக்கும் படிச்சவதான்.”

கொடுக்க மாட்டேன் ரத்தினம். குரல் நடுங்கும், கண்ணாடி வழுக்கும், பாதியில் தண்ணீர் கேட்பேன். ஆனால் கடைசி வரி வரைக்கும் நானேதான் வாசிப்பேன்.

அன்று உனக்குத் தோள் கொடுக்காத
உன் அண்ணன்