நீ தூக்கக்கூடிய மோட்டர்

இன்று நைனா வந்திருந்தார். உன் அப்பாவை நானும் நைனா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, சென்னையில் மாறி, செவ்வாப்பேட்டையில் இறங்கி, காலித் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கையில் பிடித்தபடி என் வாசலில் நின்றார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர், "எங்க பெரியவரே, உங்க ஊர்ல தண்ணி வரலியா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிக் கொஞ்சம் சிரித்தார். பிறகு கேனை என் பக்கம் நகர்த்தினார்.

"ஊட்டுல இருந்தா இதையே பாத்துக்கினு இருக்கேம்மா. நீ வெச்சுக்கோ."

செருப்பை மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். நீ இல்லாமல் போன பிறகும் உன் படகை விற்க அவருக்கு மனசு வரவில்லை. அதற்கு நீ தேடிய மோட்டரை நானே பார்த்து வாங்கி மாட்ட வேண்டும். ஒருநாள் அவரும் வந்து உட்கார்ந்துகொள்வார். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறென்ன சொல்வது?

கேனின் மேல் உன் கோடுகள் அப்படியே இருக்கின்றன. நம் இரும்பாலைச் சோதனைக் கூடத்திலிருந்து நீ எடுத்துப் போன கறுப்பு மார்க்கர். கழுத்துக்குக் கீழே முதல் கோடு நேராகவும் அழுத்தமாகவும் இருக்கிறது. கீழே வர வர கோடு ஆடுகிறது. கடைசிக் கோடு அடியை ஒட்டி, ஒரு புழுவைப் போலக் கிடக்கிறது.

அந்தப் படகை நீ எடுத்துக்கொண்டபோது ஆலையே சிரித்தது. பழைய மேலாளர் ஊரை விட்டுப் போகையில் பழவேற்காட்டில் அநாதையாக விட்டுச்சென்ற பாய்மரப் படகு. இரண்டு பேர் காலை மடக்கிப் படுக்க ஒரு சின்ன அறை, சாயம் போன பாய், ஓட்டையான தார்ப்பாய். இரும்புக் கம்பியை இழுத்துப் பார்க்கிற வேலையில் இருப்பவளுக்குப் படகு எதற்கு என்று கேட்டவர்களிடம், "இழுத்துப் பாக்கத்தான்" என்றாய். விடுமுறை நாட்களில் அதன் உள்ளேயே கிடந்து பாய் கட்டக் கற்றுக்கொண்டாய். நான் கூட வந்து வாந்தி எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

மோட்டர் பேச்சு தொடங்கியது, ஏரி நடுவில் காற்று நின்றுபோன அன்று. பாய் துணிக்கொடியில் போட்ட புடவை மாதிரித் தொங்கியது. கரை கண்ணுக்குத் தெரிந்தும் போக முடியவில்லை. வெயிலில் நம் முகம் கருத்துப்போன பிறகு, மீன்பிடித்துத் திரும்பிய ஒருவர் கயிறு போட்டு இழுத்து வந்தார். "காத்தை நம்பியா கெளம்புன? அதுக்கு இன்னா வேலை, உனக்கோசரம் அடிச்சுக்கினே இருக்குமா?" என்று அவர் கேட்டது உனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் தேநீர் இடைவேளையில், காற்று நின்றால் கரை சேர, படகின் பின்பக்கம் மாட்டுகிற ஒரு சின்ன அவுட்போர்டு மோட்டர் வேண்டும் என்றாய்.

பிறகு நமக்கு வேறு பேச்சே இல்லை. எத்தனை குதிரைசக்தி, பெட்ரோலா பேட்டரியா, தண்ணீருக்குள் இறங்குகிற தண்டு நீளமா குட்டையா. பாய்மரப் படகின் பின்பலகை உயரம், அதனால் நீளத் தண்டுதான் வேண்டும் என்று நான் படித்துவிட்டு வந்து சொன்னேன். "நம்ம ஏரியில முட்டி அளவு தண்ணியில சேத்தைக் கடையவா?" என்று நீ கேட்டாய். இரண்டு நாள் சண்டை. கடைசியில் படகைத் தண்ணீரில் நிறுத்தி, நாம் இருவரும் ஏறி உட்கார்ந்து பின்பலகையை அளந்து பார்த்தோம். பலகை தாழ்வாகத்தான் இருந்தது. நீதான் ஜெயித்தாய்.

சென்னைக் கடையில் வரிசையாக மோட்டர்கள் நின்றன. கடைக்காரர் சக்தியைப் பற்றியே பேசினார். நீ ஒன்றைப் பிடித்துத் தூக்கப் பார்த்து, பாதியில் கீழே வைத்துவிட்டு, எடையைச் சொல்லுங்கள் என்றாய். உப்புத் தண்ணீரில் விட்டுவைத்தால் மோட்டர் பாழாகும், ஆளில்லாத கரையில் திருட்டும் போகும். ஒவ்வொரு முறையும் சுமந்துபோய் மாட்டி, கழற்றிக் கொண்டுவர வேண்டும். "தனியா போறவ நான். வேற ஒருத்தர் தூக்கி மாட்டுனா அது என் மோட்டர் இல்ல." இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தோம். அது கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள்.

அதுவரை சும்மா இருக்க உன்னால் முடியுமா? அந்த மோட்டரின் எடைக்குக் கேனில் தண்ணீர் பிடித்து, முதல் கோட்டைப் போட்டாய். உன் வீட்டு மதில் ஏறக்குறைய பின்பலகையின் உயரம். தரையிலிருந்து தூக்கி மதில்மேல் வைத்துவிட்டு, பரிசு வாங்கியவளைப் போல எங்களைப் பார்த்தாய். நைனா கைதட்டினார்.

கடையிலிருந்து தகவல் வந்த வாரம் மறுபடி தூக்கினாய். கேன் இடுப்புவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. "கை மரத்துக்கினு இருக்குது," என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது கோட்டைப் போட்டாய். அந்த எடைக்கு ஒரு பழைய ரக மோட்டர் இருந்தது. அதை விசாரித்து முடிப்பதற்குள் மூன்றாவது கோடு வந்துவிட்டது. அப்போதுதான் மருத்துவமனைக்குப் போனோம். தசை கரைகிற நோய் என்றார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கப் பார்க்கலாம், நிறுத்த முடியாது என்றார்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில் நீ கேட்டது, பேட்டரியைத் தனியாகக் கழற்றிச் சுமக்கிற மோட்டர் எவ்வளவு எடை என்பதைத்தான். நான் கைபேசியில் தேடிச் சொன்னேன். நோயைப் பற்றி நாம் பேசவே இல்லை. மோட்டரைப் பற்றித்தான் பேசினோம்.

நம் வேலை உனக்கு நினைவிருக்கும். கம்பியை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்து, சுமை ஏற்றிக்கொண்டே போவோம். கம்பி நீளும். பிறகு ஓரிடத்தில் மட்டும் மெலியத் தொடங்கும். அந்த இடம் தெரிந்துவிட்டால் முடிவும் தெரிந்துவிடும், ஆனாலும் அறுகிறவரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சுமை ஏறும்போது யாரும் கம்பியைத் தொடக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீ முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

அந்த விதியை உன் மதிலுக்கும் கொண்டுவந்தாய். கேன் கையில் நடுங்கும்போது நைனா எழுந்து வருவார். "கிட்ட வராத நைனா. டெஸ்ட் ஓடுது." அவர் பக்கவாட்டில் நின்று தன் லுங்கி முனையைக் கசக்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் கேனின் அடியில் விரலை மட்டும் வைத்தேன். நீ உடனே கீழே இறக்கிவிட்டாய். "கை வெச்சுட்ட. இது செல்லாது." மூச்சு வாங்க உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து தூக்கினாய். அதற்குப் பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டே நின்றேன். உனக்கு நான் செய்ய முடிந்த ஒரே உதவி, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

கடைசிக் கோடு போட்ட அன்று மார்க்கரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். கேனில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருக்கும்.

"இந்த வெயிட்டுக்கு மோட்டர் செய்றாங்களாடி?"

"பாக்கறேன்," என்றேன்.

உண்மையிலேயே பார்த்தேன். எந்த நாட்டிலும் இல்லை. அடுத்தமுறை நான் உன் வீட்டுக்கு வந்தபோது நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாயில் கிழிசல் இருக்கிறது, காற்றுக் காலத்துக்கு முன் தைக்க வேண்டும் என்றாய்.

நைனா போன பிறகு கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். அதே கடைக்காரர்தான், என்னை அவருக்கு நினைவில்லை. படகின் நீளம் கேட்டார், சொன்னேன். தண்டு குட்டை என்றேன், எதிர்க்காமல் ஒத்துக்கொண்டார். இப்போது எல்லா ரகமும் கையிருப்பில் இருக்கிறதாம். பிறகு, "தூக்கி மாட்டுறது யாரு மேடம்? அதுக்கேத்த மாதிரி எடுத்துக்கலாம்," என்றார். அன்று நீ கேட்டுக் கேட்டுத்தான் அவர் எடையைச் சொன்னார். இன்று அவராகவே கேட்கிறார். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நைனாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் நாளைக்கு நான் எந்தக் கோட்டைச் சொல்வது? முதல் கோட்டை என்னால் தூக்க முடியும். அதைச் சொன்னால் அது என் மோட்டராகிவிடும். உன்னுடையதோ எந்தக் கடையிலும் இல்லை.

சற்றுமுன் கேனில் கடைசிக் கோடுவரை தண்ணீர் பிடித்தேன். என் வீட்டு மதில் உன்னுடையதைவிட உயரம். ஆனாலும் ஒரு கையிலேயே வந்துவிட்டது. மேலே வைத்த பிறகும் விட மனமில்லாமல், இன்னொரு கையால் அடியில் தாங்கிக்கொண்டு நின்றேன். செல்லாது என்று சொல்ல யாருமில்லை.