ரவுடிக்கு இனிப் பல் விழாது

பிரியமுள்ள டில்லி மச்சானுக்கு,

வல்லம் வடகால் தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் நிர்வாகம், பாதுகாப்பு, நலன் ஆகிய மூன்று துறைகளும் கூடி, தேநீர் இடைவேளையுடன் விவாதித்து, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தன. விடுதிக் கூடத்தில் நிற்கும், நாம் செய்த வீடியோ கேம் மெஷினில் வரும் ரவுடிக்கு இனிமேல் பல் விழாது. எத்தனை குத்து வாங்கினாலும் கைகூப்பி, 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டுப் போவான்.

நம் மெஷின்களில் இன்னும் ஓடுவது அது ஒன்றுதான். பல்லை எடுக்காவிட்டால் மெஷினையே காயலான் கடைக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். எடுத்துவிட்டேன்.

இருங்காட்டுக்கோட்டை ஷெட்டில் அந்தப் பல்லுக்காக எவ்வளவு பாடுபட்டோம்! நீ படம் வரைந்தாய். அது தெறித்து விழும் சத்தத்துக்காக நான் புளியங்கொட்டைகளைத் தகர மூடியில் போட்டுப் பதிவு செய்தேன். முதலில் வாங்க வந்த கடைக்காரர் விளையாடிப் பார்த்துவிட்டு, "இன்னா டில்லி, ஒரே பல்லுதானா? ரெண்டா உடு, பசங்க க்யூ கட்டி நிப்பானுங்கோ" என்றார். அன்று சமுதாயத்தின் கவலை அவ்வளவுதான்.

இன்று கூட்டத்தில் விடுதி மேலாளர் கேட்டார்: "பொண்ணுங்க மனசு கெட்டுடும் சார். யார் சார் இவ்ளோ குரூரமா யோசிச்சது?"

"அதெல்லாம் டில்லி ஐடியா சார். அவரு இப்ப இல்ல. நான் வெறும் வயரிங்" என்றேன்.

அறையில் நிம்மதி பரவியது. இறந்தவன்மேல் பழி போடுவதில் உள்ள வசதி, அவன் மறுத்துப் பேச வரமாட்டான். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். எடுத்துத் தின்றேன், மச்சான்.

புது ரவுடியை முதலில் குத்தியவள், ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்த திருநெல்வேலிப் பெண்.

"என்ன அண்ணாச்சி, அடிச்சா மன்னிப்பு கேக்கான்?"

"இல்லன்னா உங்க மனசு கெட்டுடுமாம்மா."

"மனசா? அது லைன்லயே போயிட்டு. இங்க வந்து நாலு பல்லத் தட்டுனாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அந்தப் பழைய பல்ல யாரு செஞ்சது?"

மேலாளர் பக்கத்தில் நின்றார். நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன்னைக் கட்டிய என் தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. "மிஷின் ஓடுதாண்ணா?" என்று கேட்டாள். "ஜோரா ஓடுது" என்றேன். அவளிடம் எப்படிச் சொல்வது?

இனி யார் கேட்டாலும், எந்த மேலாளர் பக்கத்தில் நின்றாலும், அந்தப் பல் நம் இருவருடையது என்று சொல்வேன். இது சத்தியம்.

மெஷினைப் போட்டதும் நம் இருவர் பெயரோடு வருகிற முதல் திரையையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். மாற்றிக் கொடுத்தாயிற்று. அதில் இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது.

உன் மச்சான்,
ஜெயபால்