நான்கு விரல் இடைவெளி

சேரன்மகாதேவி
12-6-1996

அன்புள்ள எலிசபெத்,

ஏழு வருஷம் கழித்து யார் எழுதுகிறார்கள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான், விடுதியில் உன் பக்கத்துக் கட்டில் வேணி. என் கல்யாணத்துக்கு நீ வராத கோபம் இன்னும் தீரவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் பஸ் நிலையத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். 'சிறுதொழில் நடத்துவோருக்கு வேலையிடப் பாதுகாப்பு ஆலோசனை, முற்றிலும் இலவசம்.' கீழே ஆலோசகர் என்று உன் பெயர், உன் அப்பா இனிஷியலோடு. பஸ்ஸை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

என் வீட்டுக்காரர் இங்கே ரப்பர் செருப்புப் பட்டறை நடத்துகிறார். பெண் பெயரில் விண்ணப்பித்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதில் உரிமம் என் பெயரில் இருக்கிறது. போர்டிலும் 'வேணி ரப்பர்ஸ்'தான். பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மேற்பார்வைக்கு நான். அடிப்பாகம் ஒட்ட ஒரு சொல்யூஷன் பூசுகிறோம். அந்த வாடையில் மத்தியானத்துக்கு மேல் எல்லோருக்கும் தலை கிறங்குகிறது.

அவரிடம் நோட்டீஸைக் காட்டினேன். "எவன் ஓசியில வந்து சொல்லுதான்? பின்னாலயே சர்க்கார் ஜீப்பு வரும்" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சரி, உன் கூட்டாளிதான, வரச் சொல்லு" என்றார். வருவாயா? ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குத்தான் நான் வெளியே வர முடியும். அதனால் நீதான் வரவேண்டும்.

உன் வேணி


பாளையங்கோட்டை
19-6-1996

அருமை வேணி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முறுக்கு கொண்டாந்து குடுப்பாளே, அந்தப் பிள்ளையா?" என்று கேட்டார்கள். உன் கல்யாணத்துக்கு நான் வராதது தப்புதான். அந்த வாரம்தான் அப்பாவை அடக்கம் செய்தோம். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு அதை ஏன் எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன். இனிமேல் கோபப்படாதே.

ஓசி என்றால் சந்தேகம் வருவது சகஜம்தான். ஒரு அறக்கட்டளை எங்களுக்குச் சம்பளம் தருகிறது. நானும் தேவசிகாமணி சார் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் மட்டும்தான் இந்த ஆலோசனை மையத்தில். பாதுகாப்புச் சட்டம் ஆயிரம் பேர் மில்லுக்கும் உன் பட்டறைக்கும் ஒன்றுதான். மில்லில் அதைக் கவனிக்கவே ஓர் அதிகாரி இருப்பார். பட்டறைக்காரருக்கு யார் சொல்லித் தருவார்கள்? அதற்குத்தான் நாங்கள்.

இரண்டு விதிகள் உண்டு. உரிமையாளர் எழுதிக் கேட்டால்தான் போவோம். போய்ப் பார்த்ததை அவரைத் தவிர வேறு யாரிடமும், அரசு ஆய்வாளரிடமும்கூட, சொல்ல மாட்டோம். எங்களைப் பொறுத்தவரை உரிமையாளர் நீதான். இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூலை நாலாம் தேதி வருகிறேன்.

பிரியமுள்ள,
எலிசபெத்


பாளையங்கோட்டை
9-7-1996

அன்பு வேணி,

உன் கைச் சொதியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் அத்தனை மரியாதையாக நடந்துகொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அறிக்கையைத் தனியாக இணைத்திருக்கிறேன். காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் இரண்டு கட்டாயம் வேண்டும். சொல்யூஷன் டின்னை மூடி வையுங்கள், அன்றைய தேவைக்கு மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். மணல் வாளி நான்கு. ஆனால் முதல் வரியாக நான் எழுதியது நல்ல சேதி: முன்வாசல், பின்வாசல் இரண்டும் வேலை நேரத்தில் அகலத் திறந்திருந்தன. எத்தனையோ பட்டறைகளில் இதற்காகத்தான் மன்றாடுகிறேன்.

ஒரு குறை உண்டு. நீ என்னோடு பேசவே இல்லை. புறப்படும்போது என் கையைப் பிடித்தாய், பிடித்தபடியே நின்றாய். "பஸ்ஸு போயிரும் மேடம்" என்று அவர் சொன்ன பிறகுதான் விட்டாய். உடம்பு சரியில்லையா? எழுது.

உன் எலிசபெத்


சேரன்மகாதேவி
2-8-1996

எலிசபெத்,

நீ அனுப்பிய அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டியிருக்கிறார். ஃபேன் ஒன்று வந்திருக்கிறது, இன்னும் மாட்டவில்லை.

அந்த முதல் வரி பொய். நாங்கள் காட்டியதை நம்பி நீ எழுதினாய்.

பொங்கல் சமயத்தில் இரண்டு கட்டு செருப்பு வார் காணாமல் போனது. அன்றிலிருந்து, ஒன்பது மணிக்கு எல்லோரும் உள்ளே வந்ததும் முன்பக்க ஷட்டரை இறக்கி வெளியிலிருந்து பூட்டிவிடுவார். பின்கதவில் இரும்புப் பட்டையும் பூட்டும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் திறப்பார். சாவிகள் அவர் இடுப்பில். நானும் உள்ளேதான். நீ வந்த அன்று காலையில், "அந்தப் பொம்பள போற வரைக்கும் ரெண்டும் தொறந்து கெடக்கட்டும். நீ வாயத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. உன் கையைப் பிடித்தபோது சொல்லிவிடலாம் என்றிருந்தது. அவர் பக்கத்தில் நின்றார்.

செவ்வாய்க்கிழமை, ஒட்டுகிற இடத்தில் இருந்த அன்னத்தாய் அப்படியே சரிந்து விழுந்தாள். ஷட்டரைக் கையால் அடித்தேன், இரும்புக் கம்பியால் அடித்தேன். எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து, "அண்ணாச்சி ஜங்சனுக்குல்லா சரக்கு ஏத்திட்டுப் போயிருக்காவ" என்று வெளியே நின்று சத்தம் போட்டார். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. அங்கே அவள் முகத்தைச் சேர்த்து வைத்துப் படுக்கவைத்தோம். டீக்கடைக்காரர் வெளியே இருந்து அட்டையால் விசிறினார். ஐம்பது நிமிஷம் கழித்து வீட்டுக்காரர் வந்து திறந்தார். பிழைத்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. இனி அன்னத்தாய் வீட்டு விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர் பிரிக்கிறார்.

வேணி


பாளையங்கோட்டை
17-8-1996

வேணி,

உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு என்மேல். பின்கதவில் இருந்த அந்தப் பட்டையை நான் கண்ணால் பார்த்தேன், ஏட்டி. தாழ்ப்பாள் உடைந்ததற்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும்.

உள்ளே ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சொல்யூஷனில் ஒரு பொறி விழுந்தால் பதினைந்து பேருக்கும் நேரம் கிடைக்காது. உன் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் மூலமாக, மறுபடி பார்க்க வருகிறோம் என்று எழுதினோம். "தங்கள் அறிக்கையே போதுமானது" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார்.

தேவசிகாமணி சாரிடம் மட்டும் சொன்னேன். "வாக்கு குடுத்துருக்கோம்மா. ஒருத்தரக் காட்டிக் குடுத்துட்டோம்னா நாளைக்கு எந்தப் பட்டறையில நம்மள உள்ள விடுவான்? நாப்பது எடத்துல இப்பதான் கதவு தொறந்துருக்கு" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வழக்கு வந்தால் உன் வீட்டுக்காரர்மேல் வராது, உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்மேல்தான் வரும்.

இன்னொரு சாவியாவது கேட்டு வாங்கி உன்னிடம் வைத்துக்கொள். உனக்காக முழங்காலில் நின்று ஜெபிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

எலிசபெத்


சேரன்மகாதேவி
2-9-1996

அன்பு எலிசபெத்,

சாவி கேட்டேன். "எதுக்கு? நீ எங்க போணும்?" என்றார்.

வியாழக்கிழமை ஆய்வாளரின் ஜீப் வந்தது. வீட்டுக்காரர் தெருமுனையிலேயே அதைப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் வருவதற்குள் இரண்டு கதவையும் திறந்துவிட்டார். சட்டம் போட்ட உன் அறிக்கையைக் காட்டினார். ஆய்வாளர் நின்றபடியே முழுவதும் படித்தார். "இதெல்லாம் யாரும் கூப்பிட்டுச் செய்யறதில்ல. நல்லது" என்று பாராட்டிவிட்டுப் போனார். ஜீப் போனதும் ஷட்டர் இறங்கியது. "உன் கூட்டாளி நமக்குப் பெரிய உபகாரம் செஞ்சிருக்கா" என்றார் அவர்.

அம்பாசமுத்திரத்தில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அனுசரிச்சுப் போ. அவுக குடிக்காகளா, அடிக்காகளா?" என்றாள். அவர் குடிப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை.

நான் பட்டறைக்குப் போகாமல் நின்றுவிடலாம். வெளியிலிருந்து பூட்டுகிற வீட்டுக்காரரின் பெண்டாட்டியாக வெளியே இருக்கலாம். அந்தப் பதினான்கு பேர் உள்ளே இருப்பார்கள். என்னால் அது முடியவில்லை. ஆனால் கூட இருந்தும் என்ன செய்தேன்? அவர்கள் என்னை இப்போதும் "முதலாளியம்மா" என்கிறார்கள்.

வேணி


பாளையங்கோட்டை
10-9-1996

என் வேணி,

அவர் காட்டியது நான் எழுதிய காகிதம்.

முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஆய்வாளரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். மையத்தின் வாக்கை மையத்தில் இருந்துகொண்டு உடைக்க மனம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "சம்பளத்த நான் பாத்துக்கிடுதேன், போ" என்றார்கள். டியூஷன் எடுத்துப் பார்த்துக்கொள்வார்களாம், இந்த வயதில்.

ஆனால் கூண்டில் நிற்கப்போவது நீ. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. ஞாயிறு வரை காத்திருப்பேன்.

எலிசபெத்


சேரன்மகாதேவி
12-9-1996

என் எலிசபெத்,

வேண்டாம். நீ ராஜினாமா செய்யாதே, யாரிடமும் போகாதே. நான் எழுதிவிட்டேன்.

ஆய்வாளருக்கு, ரிஜிஸ்டர் தபாலில்: 'என் பெயரில் உள்ள பட்டறையில், வேலை நேரத்தில் இரு வாசல்களும் வெளியிலிருந்து பூட்டப்படுகின்றன. இது எனக்குத் தெரிந்தே நடக்கிறது. முன் அறிவிப்பின்றி வந்து பார்க்கவும். உரிமையாளர், கோ. வேணி.' உங்கள் மையத்துக்கும் ஒரு கடிதம் வரும், அறிக்கையைத் திரும்பப் பெற்று, அதை ஆய்வாளருக்கும் தெரிவித்து, மறுபடி வந்து பார்க்கும்படி. உரிமையாளர் எழுதிக் கேட்டால் வருவோம் என்று நீதானே சொன்னாய்?

தபாலில் போடுவதற்கு முன் பெண்களிடம் சொன்னேன். பட்டறையை மூடிவிட்டால் அவர்களுக்குத்தானே வேலை போகும். அன்னத்தாய்தான், "பயமாத்தான் இருக்கு. ஆனா தெனமும் ஷட்டரு எறங்கும்போது அதவிடப் பயமா இருக்கு. குடுங்க, நான் போட்டுட்டு வாரேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் ஓடினாள்.

நேற்றுச் சாயங்காலம் அவரிடம் நானே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோர்ட்டுல நிக்கப்போறது நீ. தெரியுமா?"

"தெரியும்."

"நாறிப்போகும் உன் பேரு."

"என் பேருதான. நான் பாத்துக்கிடுதேன்."

இன்று காலையும் பூட்டிவிட்டுத்தான் போனார். இதை உள்ளே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆய்வாளர் என்றைக்கு வருவாரோ, அதுவரை தினமும் இப்படித்தான்.

ஒன்று கேட்பேன், மறுக்காதே. வழக்கு முடியும்வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். நீ சொல்லித்தந்து நான் எழுதினேன் என்று எந்த வக்கீலும் சொல்லக் கூடாது. உங்களைக் கூப்பிடும் மற்ற பட்டறைக்காரர்களும் அப்படி நினைக்கக் கூடாது. எழுத வேண்டியிருந்தால் உரிமையாளருக்கு எழுது, ஆபீஸ் தாளில்.

அம்மாவுக்கு என் அன்பு.

வேணி


சிறுதொழில் பாதுகாப்பு ஆலோசனை மையம்
பாளையங்கோட்டை
18-9-1996

பெறுநர்:
திருமதி கோ. வேணி,
உரிமையாளர், வேணி ரப்பர்ஸ்,
சேரன்மகாதேவி.

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் வந்த நாளில் காணப்பட்ட நிலை வழக்கமான நிலை அல்ல என்று உரிமையாளராகிய தாங்களே தெரிவித்திருப்பதால், 9-7-1996 தேதியிட்ட எங்கள் அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி இதன் நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது. பழைய அறிக்கையை இனி எவரிடமும் காட்டக் கூடாது.

மறுபார்வைக்காக 26-9-1996 வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வேலை நடக்கும் நேரத்தில் வருகிறேன். முன்வாசல் வழியாக உள்ளே வந்து பின்வாசல் வழியாக வெளியேறிப் பார்ப்பேன்.

ஏதேனும் ஒரு வாசல் பூட்டியிருந்தால், அது திறக்கப்படும்வரை வெளியே நின்றுகொண்டிருப்பேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஜோ. எலிசபெத்
ஆலோசகர்