நார்த்தங்காய்க் கட்சி

அன்புள்ள ரயில்வே கார்டே,

முதலில் வெட்கக்கேடான ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில், நாலு பேர் பார்த்திருக்க, ஒரு வண்டிக் குதிரை என் முழங்காலை முகர்ந்தது. முகர்ந்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. ஏதோ பிரிந்துபோன உறவைக் கண்டது போல மூக்கை என் வேட்டியில் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டது. வண்டிக்காரன் கடிவாளத்தை இழுத்துப் பார்த்தான், அசையவில்லை.

"அண்ணே, ஒங்களுக்கும் இதுக்கும் முன்னாடியே பழக்கமா?" என்று கேட்டான்.

கோப்பிக்கடை வாசலில் ஒரே சிரிப்பு. நான் ஊர் பேர் தெரிந்த கிராணி. ரயில்வே ஆபீசில் குமாஸ்தா; என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை அன்றைக்கு முழங்காலோடு போயிற்று.

குற்றவாளி நீதான். முட்டிவலிக்கு டாக்டர் மருந்து, சீன மருந்து, எதிர்வீட்டு அம்மாள் சொன்ன இலை எல்லாம் போட்டுப் பார்த்து ஓய்ந்த பிறகு, பெட்டிக்கு அடியில் நீ கொடுத்த பழுப்புப் புட்டி அகப்பட்டது. லேபிளில் பாதி கிழிந்த ஒரு குதிரைப் படம். "குதிரைக்குப் போடுறதுல கால்வாசி போட்டா மனுசனுக்கு அமிர்தம்டா கிராணி" என்று நீ சொல்லியிருந்தாய். கால்வாசி என்பதை மறந்து, அமிர்தத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

தக்கையைத் திறந்ததும் கற்பூரமும் டர்பன்டைனும் ஈரச் சாக்கும் கலந்த அந்த நெடி எழுந்தது. நெடிக்குப் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய்: காக்கிக் கோட்டு, கக்கத்தில் பச்சைக்கொடி, உதட்டில் குதிரைப் பயிற்சியாளர் யாராவது ஒருவரைப் பற்றிய புகார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் நார்தன் கிங் என்றால் "எந்த ஊரு ராஜா?" என்று கேட்கிறார்கள். ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் மூன்று ஊர்ப் பந்தயத்தையும் அடித்த குதிரை! வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். அது கூட்ஸ் ஷெட்டில் சுமை தூக்குகிறவர்களின் காதில் விழுந்து, கோப்பிக்கடை வந்து சேர்வதற்குள் நார்த்தங்காய் ஆகிவிட்டது. நீ ஆரம்பத்தில் திருத்தத்தான் பார்த்தாய். "நார்தன். கிங். வடக்கத்தி ராஜா" என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பாடம் நடத்தினாய். "புரியுதுண்ணே, நார்த்தங்காய்தானே?" என்றார்கள். ஒரு மாதத்தில் நீயே நார்த்தங்காய் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாய். அதன் எதிரிக் குதிரை கோல்டன் பெல். அதை எல்லாரும் மணி என்றார்கள். அதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

நார்த்தங்காயைப் பழக்கியவர் சுருட்டுத் துரை. மணியைப் பழக்கியவர் குடைத் துரை. இருவருக்கும் ஆஸ்திரேலியாவில் அப்பா அம்மா வைத்த பெயர்கள் இருந்திருக்கும், நமக்கெதற்கு? ஒருவர் வாயில் எப்போதும் பற்றவைக்காத சுருட்டு. மற்றவர் கையில் வெயிலிலும் விரியாத குடை. இருவரும் ஒரு காலத்தில் ஒரே லாயத்தில் கூட்டாளிகள். பிரிந்த காரணம் ஒரு வாளி என்று நீ சொல்வாய். குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் சாதாரண வாளி. எனக்கு அது ருசிக்கவில்லை. வாளியை எடுத்துவிட்டு ஒரு பெண்ணைப் போட்டேன். என் கதைதான் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி காஜாங் வரைக்கும் போயிற்று.

ஒருமுறை இரண்டு குதிரைகளையும் ஒரே ரயிலில் நீ ஈப்போவுக்குக் கொண்டுபோனாய். இஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் நார்த்தங்காய், அதற்குப் பின்னால் மணி. ரவாங் ஸ்டேஷனில் சுருட்டுத் துரை இறங்கி வந்து, கரி எல்லாம் தன் குதிரையின் மூக்கில் போகிறது, பெட்டியை மாற்று என்றார். மாற்றினாய். தஞ்சோங் மாலிமில் குடைத் துரை இறங்கி வந்து, இஞ்சின் சத்தத்தில் தன் குதிரைக்குத் தூக்கம் கெட்டது, பெட்டியை மாற்று என்றார். அதையும் மாற்றினாய். ரயில் தாமதமானதற்குக் காரணம் கேட்ட இடத்தில் 'குதிரைகளுக்குள் கருத்து வேறுபாடு' என்று எழுதிக் கொடுத்தாய். அதற்காக உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "துரைமாருக்குள்ளன்னு எழுதினா மரியாதையா இருக்காதுங்க" என்றாயாம்.

அந்தப் பயணத்தில்தான் சுருட்டுத் துரையின் இரும்புப் பெட்டி உன் இடது காலில் விழுந்தது. அவர் பதறிப்போய், பிளாட்பாரத்திலேயே மண்டியிட்டு, குதிரைத் தைலத்தை எடுத்துத் தன் கையாலேயே தேய்த்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரர் உன் காலைப் பிடித்தார்! நீ இரண்டு நாள் அந்தக் காலைக் கழுவவே இல்லை என்று நான் பரப்பினேன். நீ மறுக்கவில்லை. புட்டியையும் உனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து உலகத்திலேயே பெரிய குதிரை எது என்பதில் உனக்குச் சந்தேகமே எழவில்லை.

இத்தனைக்கும் நார்த்தங்காய் ஓடி நீ பார்த்ததே கிடையாது. பந்தய நாளில் கூட்டத்தை ஏற்றிப்போகும் ரயில்களோடு போவது உன் வேலை. நீ பார்த்ததெல்லாம் பெட்டிக்குள் அது நின்றதைத்தான். அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் உனக்கு ரோஷம் வரும். "நிக்கிறப்பவே முன்னாடி நிக்குதுடா அது! ஓடிக் காட்டினாத்தான் ஒத்துக்குவியா?" என்பாய்.

அப்புறம் அந்தக் கோலாலம்பூர் பந்தயம். காலையிலிருந்து மழை, மைதானம் முழுக்கச் சேறு. மணி ஒரு தலை நீள வித்தியாசத்தில் நார்த்தங்காயை முந்திவிட்டது. மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் இரண்டாகப் பிளந்தது. நான் எந்தக் கட்சி என்று கேட்பாய். யார் பேசிக்கொண்டிருக்கிறாரோ அவருக்கு எதிர்க்கட்சி. என் பிழைப்பு அப்படி.

அந்தத் தோல்வி நடந்த வாரத்திலா உனக்குக் கிள்ளானில் பெண் பார்க்க நாம் போகவேண்டும்?

பெண்ணை நீ முன்னமே பார்த்திருந்தாய், உன் அக்காவுக்குத் தெரியாமல். கிள்ளான் ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் கோழிக்கூடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போக, "ஒன்னயத் தலகீழாப் பிடிச்சா எப்படி இருக்கும்? ஒழுங்காப் புடிய்யா!" என்று ஒரு பெண்குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தாய். பச்சைக்கொடி காட்ட மறந்துபோனாய். இஞ்சின் டிரைவர் ஊதி ஊதிக் களைத்துப்போனார். அந்தக் குரலுக்காகவே நீ தூது மேல் தூது விட்டு அந்த இடத்தைப் பிடித்தாய். அதற்கு முன்னால் வந்த பெண்வீட்டார் எல்லாரும் 'வீட்டில் தங்காத மாப்பிள்ளை' என்று உன்னைத் தள்ளிவிட்டிருந்தார்கள். உனக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது, மீசையில் இரண்டு வெள்ளை.

ஒரே ஒரு தொல்லை. பெண்ணின் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். ஒரு மழைநாளில் குடைத் துரை அவரைத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து சாலை வரைக்கும் நடந்திருக்கிறார். அன்றிலிருந்து டிரெசர் மணிக் கட்சி. உனக்குக் கால், அவருக்குக் குடை. குதிரைகளைப் பற்றி நம் ஆட்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தத் தரத்தில்தான் இருந்தன.

ரயிலில் போகும்போதே உன் அக்கா, "அங்க போயி குதிரை கிதிரைன்னு வாயத் தொறந்தே, இந்த எடமும் போயிடும். அப்புறம் நான் ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நீயும் தலையாட்டினாய்.

உட்கார்ந்து கோப்பி வந்ததும் டிரெசரே ஆரம்பித்தார்.

"தம்பி குதிரைப் பெட்டியோடல்லாம் போவீங்களாமே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப ஒங்களுக்கே தெரியும். மணிக்கு முன்னாடி நார்த்தங்காயெல்லாம் ஒரு குதிரையா?"

அக்கா இருமினாள். நான் எச்சரிக்கையாக உன் காலை மிதித்தேன். என் ராசி, அது பெட்டி விழுந்த இடது கால். உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குதிரைக்காக அழுகிறாய் என்று டிரெசர் நினைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு மழைங்கய்யா. சேறு" என்றாய்.

"பெரிய குதிரைன்னா சேத்துலயும் ஓடணும் தம்பி."

"சேத்துல ஓடறதுக்கு எருமை போதுங்களே."

அக்கா டம்ளரைக் கீழே வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"மணி எருமையா?" என்றார் டிரெசர்.

"மணிய சொல்லலீங்க. சேத்தைத்தான் சொன்னேன்."

டிரெசர் எழுந்து நின்றார். "எனக்கு ஒரே ஒரு வார்த்த போதும். மணிதான் ஒசத்தின்னு சொல்லுங்க. இப்பவே தட்டு மாத்திக்குவோம். இல்லாட்டி சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க, மனஸ்தாபம் இல்ல."

நான் உன் காதில், "சொல்லித் தொலைடா. குதிரைக்கா தெரியப்போகுது?" என்றேன். நீ சமையலறைத் திரையைப் பார்த்தாய். அக்காவைப் பார்த்தாய். "ம..." என்று ஆரம்பித்தாய். அதற்கு மேல் அந்தப் பெயர் உன் மீசையைத் தாண்டவில்லை.

"அய்யா, ஒங்க பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாய், கும்பிட்டபடி. "ஆனா எனக்குத் தெரிஞ்சத மாத்திச் சொல்ல வரலீங்க. இன்னைக்குப் பொய் சொல்லி வாங்கிக்கிட்டா, நாளைக்கு அதுகிட்டயும் பொய்தான் சொல்லிக்கிட்டு இருப்பேன். நாங்க கெளம்பறோம்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து, போர்ட்டரை அதட்டிய அதே குரல், வீடு முழுக்கக் கேட்கும்படி வந்தது:

"நார்த்தங்காய்தான்! அதுக்கு ஈடு எது? வேற பேச்சே வேணாம்!"

டிரெசர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, நீயுமா?" என்றார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "என் சோத்தத் தின்னுட்டு எதிர்க்கட்சியில இருந்திருக்கு பாருங்க! சரி மாப்பிள்ளை, ஒங்க ஆளு வீட்டுக்குள்ளேயே இருக்கு. நான் தனியா என்ன பண்றது? இலையப் போடச் சொல்லுங்க லா!"

நீ என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிட்டாய். நான் தெரிந்து சாப்பிட்டேன். சாம்பார் சுமார், தயிர்ச்சோறு பிரமாதம்.

கல்யாணத்துக்குப் பிறகு உன் அலட்டல் தாங்கவில்லை. "நம்ம வீட்டுல குதிரை தெரிஞ்ச பொம்பளை இருக்கு" என்பாய். ஒவ்வொரு பந்தயத்துக்கும் வீட்டுக்குப் போய் அபிப்பிராயம் கேட்பாய். அவள் கீரை ஆய்ந்துகொண்டே "உம்" என்பாள். "பாத்தியா, விவரம் தெரிஞ்சவங்க அதிகம் பேச மாட்டாங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்வாய்.

இப்போது நார்த்தங்காயும் இல்லை, மணியும் இல்லை. சுருட்டுத் துரையும் குடைத் துரையும் ஈப்போவில் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள் என்று கேள்வி. டிரெசர் போய்ச் சேர்ந்தார். போன வருஷம் நீயும் போய்விட்டாய். கோப்பிக்கடையில் புதுக் குதிரைகளைப் பற்றி யாராவது அளக்க ஆரம்பித்தால், எதிர்க்கட்சி பேசியே பழகிய நான், என்னையறியாமல் மேசையைத் தட்டி, "நார்த்தங்காய் நிக்கிறதப் பாத்திருக்கியாடா நீ?" என்கிறேன். ஆயுசு முழுக்க உன்னிடம் மறுத்துப் பேசியதற்குத் தண்டனையாக, நீ விட்டுப்போன கட்சியை நான் ஒருவன் சுமந்துகொண்டிருக்கிறேன். முட்டியில் உன் நெடி, வாயில் உன் வாதம்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். உன் மனைவி இப்போது அப்பா வீட்டில்தான், மகனோடு இருக்கிறாள். குதிரை முகர்ந்த கதையைச் சொன்னேன்; கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில் பெண் பார்த்த கதையையும் சொன்னேன், அவள் குரலிலேயே, "நார்த்தங்காய்தான்! அதுக்கு ஈடு எது?" என்று நடித்துக் காட்டி. சிரிப்பை நிறுத்திவிட்டாள். என் இலையில் தயிர்ச்சோற்றை வைத்துவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அவுங்க இருந்தவரைக்கும் இத நான் சொன்னதில்ல. மனசு ஒடைஞ்சு போயிருவாங்க. இனிமே என்ன..." என்றாள். "உள்ள பாத்திரச் சத்தத்துல நீங்க பேசுனது ஒண்ணும் எங்க காதுல விழல அண்ணே. தயிர்சோத்துக்கு மாங்கா ஊறுகாய எடுக்கவா, நார்த்தங்காய எடுக்கவான்னு அம்மா கேட்டாங்க."