அந்தப் பள்ளத்தை வெட்டியது யார்?

இது யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். யாரிடமும் காட்டாதீர்கள்.

அண்ணா, நாளைக்குக் கல்லூரியில் சேரப் போட்டுக்கொள்ள வைத்திருந்த வெள்ளைச் சுடிதாரைச் சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்தேன். தோள் முழுக்க அனல்மின் நிலையத்துச் சாம்பல். உதறும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. "எண்ணூர்ல பொறந்துட்டோம், இதான் நம்ம தலையெழுத்து" என்று அம்மா ஒருநாள் அலுத்துக்கொண்டபோது, நீ விரலால் தொட்டுப் பார்த்து, "இது தலையெழுத்து இல்லம்மா, சாம்பல். யாரோ எரிக்கிறாங்க, நம்ம மேல வுழுது" என்றாய். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கல்லூரியில் நீ தத்துவம் படித்த வருடங்களில் டீக்கடையில் உன்னை யாரும் விட்டுவைக்கவில்லை. "மாமு, ஒரு தத்துவம் வுடேன்!"

"அது வுட்றது இல்ல மாமு, கேக்குறது. நீயே ஒரு கேள்வி கேளு."

"சரி, உனக்கு எப்போ வேல கெடைக்கும்?"

கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

வேலை கிடைக்கவில்லை. பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாய். குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம். பின்னால் கண்டெய்னர் லாரி. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மாதா கோயிலில் உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "பள்ளத்த வெட்னது ஆண்டவரா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா அறைந்தார். அவர் என்மேல் கைவைத்தது அதுதான் முதல் தடவை. "ஒருத்தன் படிச்சிக் கிழிச்சது போதும். காமர்ஸ் படிச்சிருந்தா இந்நேரம் ஆபீஸ்ல ஒக்காந்துகினு இருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் சொல்வது பொய்யில்லை அண்ணா. அதுதான் என்னை அரிக்கிறது. ஆனால் அன்றைக்கு அத்தனை பேர் இருந்த அறையில் ஒருவர்கூடப் பள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. உன்னோடு பேசிப் பேசித்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பாதிதான் கற்றுக்கொண்டேன். மீதியையும் படிக்க வேண்டும்.

காலையில் என்னை பி.காம். சேர்க்கக் கூட்டிப்போகிறார். அதற்குள், நீ படித்த பாடம்தான் எனக்கும் வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அடிப்பார் என்று பயமில்லை. அழுதுவிடுவாரோ என்றுதான்.

கதவைத் தட்டுகிறார்கள். "பாப்பா, லைட்டு எரிஞ்சிகினு கீது. இன்னா பண்ற?"

அப்பா. அவரும் தூங்கவில்லை. அண்ணா, இப்போதே சொல்லிவிட—