ஞாயிறு நண்பகலில் என் அண்ணன் பெயரைப் படிக்கும் முன் அவரைக் கேட்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முனைவர் விதாத் ஹன்னூஷ்,
பழஞ்சுவடித் துறைப் பேராசிரியர்,
போர்கோ பகுதி, ரோம்.

பெறுநர்:
மேதகு மோன்சிஞ்ஞோர் ருஜ்ஜேரோ தல்மாசோ அவர்கள்,
பொறுப்பாளர், கர்தினால் நியமன அறிவிப்புப் பிரிவு,
வத்திக்கான் நகர்.

பொருள்: வரும் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூவேளைச் செபத்துக்குப் பின் திருத்தந்தை வாசிக்கவிருக்கும் கர்தினால்கள் பட்டியலில் பேராயர் மத்தா ஹன்னூஷ் பெயர் இடம்பெறுவது குறித்து, அவருக்கு ஏற்பட்டுள்ள ஆபத்து குறித்து.

மேதகு ஐயா,

வணக்கம். மேற்படி பேராயர் என் உடன்பிறந்த அண்ணன். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. அவருக்காக எழுத வேறு ஆள் இல்லாததால் நான் எழுதுகிறேன். எங்கள் நாட்டின் பெயரை இம்மனுவில் எங்கும் குறிப்பிடவில்லை. தங்கள் மேசைக்கு வருமுன் இது எத்தனை கைகளில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

1. யார் யார் கிறித்தவரானார்கள் என்று காட்டும் திருமுழுக்குப் பதிவேடுகளை அரசிடம் ஒப்படைக்க மறுத்ததற்காக என் அண்ணன் மூன்று ஆண்டுகளாகத் தம் ஆயர் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பட்டிருக்கிறார். வாசலில் காவலர்கள். திங்கட்கிழமை தோறும் பத்து நிமிடம் என்னோடு தொலைபேசியில் பேச அனுமதி உண்டு. அந்தப் பத்து நிமிடத்தையும் மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் இருமுவதுகூட எனக்குக் கேட்கும்.

2. அண்ணனின் இதய வால்வு ஒன்று பழுதடைந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தை அறுவைச் சிகிச்சை இல்லாமல் அவர் தாண்டமாட்டார் என்று அவருடைய மருத்துவர் சமீரா கஸ்ஸாப் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். ஏழு மாதம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அவர் வெளிநாடு செல்ல அனுமதித் தாள் வாங்கியதும் அதே மருத்துவர்தான். பயண நாள் நவம்பர் 27. தாளின் நகலை இணைத்துள்ளேன். அதன் நான்காம் நிபந்தனையைத் தயவுசெய்து படியுங்கள். வெளிநாட்டு அதிகாரம் எதனிடமிருந்தும் பதவியோ பட்டமோ புதிதாகப் பெறாத தனிநபராக மட்டுமே அவர் பயணம் செய்யலாம் என்றும், பெற்றால் அந்த நொடியே அனுமதி ரத்தாகும் என்றும் அதில் இருக்கிறது.

3. பதினெட்டு மாதங்களுக்கு முன் திருத்தந்தை கர்தினால்களை நியமித்தபோது, மேலும் ஒருவரை நியமித்திருப்பதாகவும் அவர் பெயரைத் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொள்வதாகவும் அறிவித்தார். ஆபத்தான இடத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான் இந்த வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. பெயரை வெளியிடும் முன் திருத்தந்தை இறந்துவிட்டால் நியமனமும் அவரோடு போய்விடும் என்பதும் தாங்கள் அறிந்ததே. திருத்தந்தைக்கு எண்பத்தெட்டு வயது. சென்ற மாதம் இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தார். எனவே பெயரை உடனே வெளியிட்டுவிட வேண்டும் என்று சிலர் அவசரப்படுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. அந்த அவசரம்தான் இந்த மனுவுக்கும் காரணம்.

4. அந்தப் பெயர் என் அண்ணனுடையது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அறிந்துகொண்ட விதத்தை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. தங்கள் பிரிவில் பணியாற்றும் மோன்சிஞ்ஞோர் அத்திலியோ கொர்பெல்லி அக்டோபர் 31 அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ரோமில் உள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து அண்ணனுக்குக் குளிருக்கு ஒரு மேலங்கியும் தொப்பியும் அனுப்ப விரும்புவதாகவும், உயரம், தோள் அகலம், தலைச் சுற்றளவு மூன்றும் வேண்டும் என்றும் கேட்டார். சுவடி ஒன்று உண்மையானதா போலியா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். மேலங்கியை நான் சந்தேகிக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் அண்ணனுக்குக் குளிருமே என்று ரோமில் யாராவது கேட்டது அதுவே முதல் முறை.

5. நவம்பர் 4, திங்கட்கிழமை, அந்த ஒட்டுக்கேட்கப்படும் தொலைபேசியிலேயே நான் அண்ணனிடம் அளவு கேட்டேன். இந்த மனுவில் யார் மேலாவது குற்றம் சொல்ல வேண்டுமானால் முதலில் இதைச் சொல்ல வேண்டும். நடந்த பேச்சை நினைவிலிருந்து அப்படியே தருகிறேன்.

"அண்ணா, உன் தலை எத்தனை சுத்து வரும்?"

"என்னடி இது, வாத்தியாரம்மா கேக்குற கேள்வியா? தொப்பி தைக்கப் போறியா?"

"நான் இல்ல. இங்க சிலபேரு குளிருக்கு அனுப்பணுங்கறாங்க. நூல வச்சு அளந்து சொல்லு."

"நூல் இருக்கு, டேப்பு இல்லயே. இரு, வாசல்ல தம்பி நிக்குறாரு, அவருகிட்ட கேக்குறேன்."

தம்பி என்று அவர் சொன்னது காவலரை. அவரிடம் அளவு நாடா இருந்தது. அவரே உள்ளே வந்து அண்ணன் தலையை அளந்து, "அம்பத்தொம்பது சாமி, பெரிய தலைதான்" என்று சிரித்தது எனக்கும் கேட்டது. நானும் சிரித்தேன். உயரமும் தோள் அகலமும் கேட்டு, மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை மோன்சிஞ்ஞோர் கொர்பெல்லிக்கு மூன்று எண்களையும் அனுப்பினேன்.

6. நவம்பர் 9, சனிக்கிழமை, பாந்தியன் பழங்கோயிலுக்குப் பின்னால் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் திருவுடை தைக்கும் கடை வைத்திருக்கும் எர்கோலே என்பவரின் மனைவி தீனா கடையிலிருந்து ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"புரொபசரம்மா, வாழ்த்துகள்! வாயத் தொறக்கல நான், யாருகிட்டயும் சொல்லல. ஆனா அம்பத்தொம்பது! எர்கோலே மூணு தடவ அளவு நோட்டப் பாத்தாரு. சிவப்புப் பட்டு பத்தாம போச்சு, தெரியுமா?"

யாருக்கும் சொல்லவில்லை என்பது உறுதிதானா என்று கேட்டேன்.

"ஐயோ, சத்தியமா. உங்க ஊர் தூதரக டிரைவர் மட்டும் பட்டன் தைக்க வந்தாரு. உங்க ஊர்க்காரர்தானேன்னு காதுல போட்டு வச்சேன். சந்தோஷமான சேதிதானே?"

தீனா நல்ல பெண்மணி. அவர் மேல் இம்மனுவில் நான் எந்த நடவடிக்கையும் கோரவில்லை. திருவுடைத் தையற்கடைக்கு அளவு போனால் பெயர் போனது போலத்தான் என்பதை இந்த ஊரில் இருபத்துநான்கு ஆண்டு வாழ்ந்த நானே அறிவேன். தங்கள் பிரிவு அறியாமலா இருக்கும்?

7. அன்று மாலையே மோன்சிஞ்ஞோர் கொர்பெல்லியை நேரில் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. "அளவுதானே கேட்டேன் புரொபசர், பேரா சொன்னேன்?" என்றார். பேராயரால் ரோமுக்கு வர முடியாது, ஆகவே கர்தினாலுக்குரிய சிவப்பு உடையும் தொப்பியும் அவரிடம் போக வேண்டும், பெயர் வாசித்த கையோடு அனுப்பிவிட வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே தைக்கக் கொடுத்ததாகச் சொன்னார். அந்த வாசிப்பு எப்போது என்று கேட்டேன். முதலில் தயங்கினார். என் முகத்தைப் பார்த்தபின் பதினேழாம் தேதி என்றார். அனுமதித் தாளின் நான்காம் நிபந்தனையைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு, உலகமே பெயரைக் கேட்டபின் அவரைத் தொட யாருக்கும் துணிவு வராது, கர்தினால் பட்டமே அவருக்குக் கவசம் என்றார்.

இந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் வீட்டு வாசலில் காவல் குறையலாம், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வரலாம், பதிவேடுகளைப் பற்றி யாரும் மறுபடி கேட்காமலும் இருக்கலாம். ஆனால் அந்த வால்வு உள்ளே இருக்கிறது. அதற்குப் பட்டம் தெரியாது. இருபத்தேழாம் தேதி விமானம் ஏறாவிட்டால் அடுத்த தாளுக்கு மறுபடி ஏழு மாதம் ஆகும். மருத்துவர் அவருக்குக் கொடுத்திருப்பது அதில் பாதிக்கும் குறைவு.

8. நவம்பர் 11, திங்கட்கிழமை, அண்ணனிடம் பேசினேன். அவர் எப்போதும்போல விளையாட்டாகத்தான் பேசினார்.

"நேத்து ரெண்டு புது ஆளுங்க வந்தாங்க. அலமாரியில இருந்த தொப்பி எல்லாத்தையும் எடுத்துக் கட்டில் மேல பரப்பிப் பாத்தாங்க. மொத்தம் மூணு. ஒண்ணுல பூச்சி அரிச்சிருக்கு. அதப் பாத்துட்டு ஒருத்தர் பாவப்பட்டு, புதுசு வாங்கிக்கோங்க சாமின்னாரு."

"அண்ணா..."

"ஏன் விதாத், மூச்சு வாங்குது? எனக்குத்தான் வால்வு கெட்டுப்போச்சு."

அளவு எடுத்த பழைய காவலர் அன்றிலிருந்து வாசலில் இல்லை. அவர் எங்கே என்று அண்ணனுக்கும் தெரியவில்லை. அனுமதித் தாள் நேற்றுவரை ரத்தாகவில்லை என்று மருத்துவர் கஸ்ஸாப் செய்தி அனுப்பியிருக்கிறார். வதந்தியை வைத்துக்கொண்டு அவர்களால் தாளை ரத்து செய்ய முடியாது. திருத்தந்தையின் வாயிலிருந்து பெயர் வந்தால் முடியும்.

9. நான் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகிறவள் அல்ல. தாங்கள் வேறிடத்தில் இதைக் கேள்விப்படுமுன் நானே சொல்லிவிடுகிறேன். சிவப்பு உடைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லலாம். ஓரளவு உண்மை. அண்ணனின் மறைமாவட்டத்தில் மீதமிருக்கும் சில நூறு குடும்பங்கள் அந்தப் பெயரை ஞாயிறன்று வானொலியில் கேட்டால் அழுவார்கள், அந்த அழுகை அவர்களுக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும். அதுவும் உண்மை. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதை என் அண்ணனின் உயிருக்காக நான் தட்டிப் பறிக்கிறேனா என்று இந்த நான்கு நாட்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

10. ஆனால் என் குறை இதுதான். யாரைக் கர்தினாலாக்குகிறார்களோ அவரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது வழக்கம். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வானொலியில் தம் பெயர் வந்ததாகச் சொன்ன கர்தினாலை நானே ஒரு விருந்தில் சந்தித்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தோம். அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையில் இழக்க வெங்காயம் மட்டுமே இருந்தது. என் அண்ணனின் தலை அளவு தையற்காரருக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், தூதரக ஓட்டுநருக்குத் தெரியும், கட்டில் மேல் தொப்பிகளைப் பரப்பியவர்களுக்கும் தெரியும். எதற்காக அளந்தார்கள் என்று தெரியாத ஒரே ஆள் அந்தத் தலைக்கு உரியவர். அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கலாம். தொலைபேசியில் அவர் சிரித்ததை வைத்து நான் எதையும் ஊகிக்க மாட்டேன். பாதி அழிந்த வரியை எனக்குப் பிடித்தபடி நிரப்பிப் படிக்கக் கூடாது என்று என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

11. எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

எங்கள் நாட்டிலுள்ள திருத்தந்தையின் தூதர் மாதம் ஒருமுறை அண்ணனைப் பார்க்க அனுமதி பெற்றிருக்கிறார். இம்மாதச் சந்திப்பு வரும் சனிக்கிழமை, 16ஆம் தேதி மாலை நான்கு மணி. வீட்டின் பின்னால் உள்ள மாதுளை மரங்கள் வரை காவலர்கள் வருவதில்லை. அங்கே நிறுத்தி, தூதர் அவரிடம் நேராகக் கேட்கட்டும். திருத்தந்தை உங்களைக் கர்தினாலாக நியமித்திருக்கிறார், நாளை வாசித்தால் இருபத்தேழாம் தேதிப் பயணம் போய்விடும், வாசிக்காமல் காத்திருந்து, அதற்குள் திருத்தந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நியமனம் போய்விடும், எது வேண்டும்? இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அறிவுரை வேண்டாம். அவர் பதிலைத் தூதர் அன்றிரவே தங்களுக்கு அனுப்பிவிடலாம். ஞாயிறு நண்பகலுக்கு நேரம் இருக்கும்.

எக்காரணத்தாலோ சனிக்கிழமைச் சந்திப்பு நடக்காமல் போனால், பதினேழாம் தேதிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விடுமாறும், அவர் விமானத்திலிருந்து இறங்கும்வரை வாசிப்பைத் தள்ளிவைக்கத் திருத்தந்தையிடம் எடுத்துச் சொல்லுமாறும் மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாசியுங்கள் என்று அவர் சொன்னால் வாசியுங்கள். அதை எதிர்த்து நான் தங்களிடமோ வேறு யாரிடமோ ஒரு வரிகூட எழுத மாட்டேன். இதை எழுத்து மூலம் உறுதி கூறுகிறேன்.

12. இறுதியாக ஒன்று. எல்லாவற்றிலும் இதையே முக்கியமாகக் கருதுமாறு வேண்டுகிறேன். நான் இப்படியொரு மனு கொடுத்திருப்பதைத் தூதர் அவரிடம் சொல்லக் கூடாது. என் பெயரையே எடுக்கக் கூடாது. தெரிந்தால் என் அண்ணன் எனக்காகப் பதில் சொல்லிவிடுவார். சின்ன வயதிலிருந்து அவர் அப்படித்தான். இந்த ஒரு கேள்விக்காவது அவர் தமக்காகப் பதில் சொல்லட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
விதாத் ஹன்னூஷ்

இடம்: ரோம்
நாள்: நவம்பர் 13, புதன்கிழமை

இணைப்புகள்: பயண அனுமதித் தாளின் நகல், மருத்துவர் சமீரா கஸ்ஸாப் அளித்த சான்றின் நகல்.